பளபளப்பா, பிடிப்பா? குளியலறைக் கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் புதுப்பிப்புப் பணி பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். வார இறுதியில் குடும்பமே டைல் கடையில் நிற்கும். அப்பா நிறம் பார்ப்பார், அம்மா விலை கேட்பார், அக்கா கைப்பேசியில் படம் எடுப்பார். விற்பனையாளர் கண்ணாடிபோல மின்னும் ஒரு டைலை எடுத்து விளக்கின் கீழ்ச் சாய்த்துக் காட்டுவார். “அழகாக இருக்கிறதே!” என்று எல்லாரும் சொல்வார்கள்.

கடையில் அந்த டைல் உலர்ந்திருக்கிறது. பார்க்க வந்த நாம் காலணி அணிந்திருக்கிறோம். வீட்டிலோ அதே டைல் நனைந்திருக்கும், அதன்மேல் சோப்பு நுரை வழியும், நாம் வெறுங்காலுடன் நடப்போம். பின்னிரவில் மூக்குக்கண்ணாடி அணியாமல் எழுந்து வரும் பாட்டியும் அதே தரையில்தான் கால் வைப்பார்.

இளம் வயதில் வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் ஒரு சிராய்ப்போடு போகும். வயதாக ஆக எலும்பின் அடர்த்தி குறைகிறது, சமநிலையைப் பிடித்து நிறுத்தும் தசைகளும் வலுவிழக்கின்றன. அந்த வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சை, பல மாத உடற்பயிற்சிச் சிகிச்சை என்று வாழ்க்கையே மாறிப்போகக்கூடும். ஆகவே டைல் தேர்வு அழகு சார்ந்த முடிவு மட்டுமன்று, பாதுகாப்பு சார்ந்த முடிவும்கூட.

இந்த முடிவில் நீங்கள் உதவ முடியும். உராய்வு, நுண்துளை, அமிலம், அடர்த்தி, காற்றழுத்தம் என்று வகுப்பில் நீங்கள் படிப்பவை எல்லாம் அந்தக் கடையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கீழே உள்ள ஆறு கேள்விகளைக் கேட்டால் போதும்.

1. ஈரத்தில் எவ்வளவு பிடிப்பு?

தரை டைல்களின் விவர அட்டையில் ‘ஆர் 9’, ‘ஆர் 10’, ‘ஆர் 11’ என்று ஒரு குறியீடு இருக்கும். ஆர் 9 என்றதும் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்று தோன்றும். அப்படியில்லை. ஜெர்மனியில் உருவான இந்த அளவீடு ஆர் 9-இல்தான் தொடங்குகிறது, ஆர் 13-இல் முடிகிறது. அதாவது, ஆர் 9 என்பது பட்டியலின் கடைசி இடம்.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை சுவையானது. டைல்களை ஒரு சாய்தளத்தில் பதித்து, அதன்மேல் எண்ணெய் ஊற்றுவார்கள். பாதுகாப்புக் கயிறு கட்டிய ஒருவர் காலணியுடன் அதன்மேல் முன்னும் பின்னும் நடப்பார். தளத்தின் சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். அவர் எந்தக் கோணத்தில் வழுக்குகிறாரோ அதை வைத்து டைலின் வகை முடிவாகும். 6 முதல் 10 டிகிரி என்றால் ஆர் 9. அதற்கு மேல் 19 டிகிரி வரை ஆர் 10. அதற்கும் மேல் 27 டிகிரி வரை ஆர் 11.

ஏன் கோணத்தை அளக்க வேண்டும்? சாய்தளத்தில் நிற்கும் பொருளின் எடையை இரண்டு கூறுகளாகப் பிரிக்கலாம். ஒன்று, பொருளைத் தளத்தோடு அழுத்துகிறது; மற்றொன்று, கீழ்நோக்கி இழுக்கிறது. சாய்வு கூடக் கூட இழுக்கும் கூறு வளர்கிறது, அழுத்தும் கூறு குறைகிறது. பொருள் வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புதான் உராய்வுக் குணகம். கணிப்பானில் 10 டிகிரிக்கு டேன்ஜென்ட் பாருங்கள்: 0.18. அதே 19 டிகிரிக்கு 0.34. ஏறத்தாழ இரு மடங்கு.

இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆர் எண்கள் காலணிக்கும் எண்ணெய்க்கும் உரியவை. குளியலறையில் நமக்கு வேண்டியது வெறுங்காலுக்கும் சோப்பு நீருக்கும் உரிய சோதனை. அதற்கு ஏ, பி, சி என்ற வேறொரு வரிசை இருக்கிறது. குறைந்தது 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 டிகிரி தாங்கினால் பி, 24 டிகிரி தாங்கினால் சி. உடைமாற்றும் அறைபோல பெரும்பாலும் உலர்ந்திருக்கும் இடங்களுக்கு ஏ போதும். நீச்சல் குள ஓரத்துக்கும் பொதுக் குளியல் பகுதிகளுக்கும் பி. நீருக்குள் இறங்கும் படிகளுக்கு சி. வீட்டில் ஷவருக்குக் கீழே உள்ள தரைக்கு பி வகையைக் கேட்பது நல்லது.

ஈரம் ஏன் வழுக்குகிறது? உலர்ந்த தரையில் பாதமும் டைலும் நேரடியாகத் தொட்டுக்கொள்கின்றன. நனைந்ததும் இரண்டுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று புகுந்துவிடுகிறது. நீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் தரையைத் தொடுவதற்குப் பாதத்துக்குச் சிறிது நேரம் வேண்டும். வேகமாக நடந்தால் அந்த நேரம் கிடைக்காது. பாதம் தண்ணீர்மேல் மிதந்தபடி நழுவும். சொரசொரப்பான டைலில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு முகடுகள் இருக்கின்றன. அவை நீர்ப்படலத்தைக் குத்திக்கொண்டு மேலே எழுந்து பாதத்தைத் தொடுகின்றன. மெருகேற்றிய டைலில் அந்த முகடுகள் தேய்க்கப்பட்டுவிட்டன. பளபளப்புக்குக் காரணம் எதுவோ அதுவே வழுக்கலுக்கும் காரணம்.

“அப்படியானால் ஆர் 13 வாங்கிவிட வேண்டியதுதானே, சார்?” என்று உராய்வுப் பாடத்தில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. மிகவும் சொரசொரப்பான தரையில் சோப்புப் படிவும் தோல் எண்ணெயும் குழிகளில் தங்கும். தேய்த்துக் கழுவாவிட்டால் அந்தப் படிவே ஒரு வழுக்கும் பூச்சாகிவிடும். முதியவர்களின் மெல்லிய தோலுக்கும் அது உறுத்தும். ஆகவே தேவைக்கு ஏற்ற அளவே சரியான அளவு.

டைலின் அளவும் முக்கியம். குளியலறைத் தரை வடிகால் துளையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், பொதுவாக ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது. நான்கு பக்கத்திலிருந்தும் ஒரே துளையை நோக்கிச் சாயும் தரை, தட்டையான ஒரு தளமாக இருக்க முடியாது. ஆழமற்ற புனல்போல இருக்கும். பெரிய டைல் வளையாது. எனவே அதை வெட்டித்தான் பதிக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு மூலையில் நீர் தேங்கும். சின்னச் சின்னச் சதுரங்களாக வரும் மொசைக் டைல் அந்தப் புனல் வடிவத்துக்கு எளிதாக இணங்கும். அதன் இடைக்கோடுகள் பாதத்துக்குக் கூடுதல் பிடிப்பும் தரும்.

2. டைல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

கடையில் ‘செராமிக்’ என்றும் ‘போர்செலின்’ என்றும் இரண்டு பெயர்களைக் கேட்பீர்கள். இரண்டும் சுட்ட மண்தான். வேறுபாடு, மண்ணின் கலவையிலும் சூளையின் வெப்பத்திலும் இருக்கிறது.

போர்செலினில் வெள்ளைக் களிமண்ணோடு குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் சேர்க்கப்படுகின்றன. ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோலாகி, துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. ஆறியதும் நுண்துளைகள் ஏறக்குறைய இல்லாத கெட்டியான பொருள் கிடைக்கிறது. அனைத்துலகத் தர அளவின்படி, தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத டைலே போர்செலின். சுவருக்கான சாதாரண டைல்கள் 10 விழுக்காட்டுக்கு மேலும் உறிஞ்சும்.

ஒரு கிலோகிராம் எடையுள்ள டைலை எடுத்துக்கொள்ளுங்கள். போர்செலின் என்றால் அதிகபட்சம் 5 கிராம் தண்ணீர் உள்ளே போகும், ஒரு தேக்கரண்டி அளவு. சுவர் டைல் என்றால் 100 கிராமுக்கு மேல், அரைக் குவளை.

சுவர் டைல் மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. எடை குறைவு, வெட்டுவது எளிது, நுண்துளைகள் ஒட்டும் சாந்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சுவரில் யாரும் நடப்பதில்லை என்பதால் அங்கே அது போதும். தரைக்கு அதைப் பயன்படுத்துவதுதான் தவறு. நுண்துளைகள் மிகுந்த டைல் வலுவும் குறைந்தது. கனமான பொருள் விழுந்தால் விரிசல் விடும், விரிசல் வழியே நீர் புகும்.

கடையிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். அனுமதி கேட்டு, மாதிரி டைலைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். முன்பக்கத்தில் பளபளப்புப் பூச்சு இருப்பதால் அங்கே விட்டுப் பயனில்லை. சொட்டு உடனே மறைந்து ஈரத்திட்டு பரவினால் நுண்துளைகள் அதிகம். அப்படியே முத்துப்போல நின்றால் அது கெட்டியான டைல்.

3. கல் என்றால் எந்தக் கல்?

பளிங்கு வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள், கிரானைட் போதும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் கல்தானே என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டின் வேதியியலும் முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டை நீங்கள் நேரில் பார்த்திருக்கவும் கூடும்.

தைப்பூசத்துக்கோ விடுமுறைக்கோ கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலைக்குப் போயிருக்கிறீர்களா? 272 படி ஏறியதும் பெருங்குகை வருகிறதே, அதை யாரும் குடையவில்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் பன்னெடுங்காலமாகச் சுண்ணாம்புக்கல்லை அரித்து உருவாக்கிய இடம் அது. சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி மறுபடிகமானால் அதுவே பளிங்கு. இரண்டும் கால்சியம் கார்பனேட்தான்.

பத்துமலையை அரிக்க மழைக்கு நெடுங்காலம் பிடித்தது. நம் குளியலறைப் பளிங்குக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிவறை கழுவும் அமிலத் திரவம் ஆகியவை மழைநீரைவிடப் பல மடங்கு வலுவான அமிலங்கள். ஒரு சொட்டுப் பட்டாலே கால்சியம் கார்பனேட் அமிலத்தோடு வினைபுரிந்து, கரியமில வாயு குமிழிகளாக வெளியேறும், மேற்பரப்பில் மங்கலான தழும்பு விழும். அது கறை அன்று, கல்லே கரைந்துபோன இடம். எவ்வளவு துடைத்தாலும் போகாது. மீண்டும் மெருகேற்றத்தான் வேண்டும்.

கிரானைட்டைப் பார்க்க எல்லை தாண்ட வேண்டியதில்லை. புக்கிட் தீமா குன்று கிரானைட் பாறை. புலாவ் உபினிலும் அதே வகைப் பாறைதான். 1851-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு உபினிலிருந்தே கல் வெட்டிச் சென்றார்கள். கிரானைட்டில் முக்கியமாக இருப்பவை குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும். வினிகர் இவற்றை ஒன்றும் செய்யாது.

கடினத்தன்மையிலும் வேறுபாடு உண்டு. 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவுகோலில் பளிங்கின் கால்சைட் 3, பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. நம் செருப்பில் ஒட்டி வரும் கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். எனவே மணல் பளிங்கைக் கீறும், கிரானைட்டை எளிதில் கீறாது. ஆனால் மெருகேற்றிய கிரானைட்டும் ஈரத்தில் வழுக்கும். கல் எதுவானாலும் முதல் கேள்வியை மறக்காதீர்கள்.

எடையையும் கணக்கிடுங்கள். பளிங்கின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,700 கிலோகிராம். 2 சென்டிமீட்டர் கனமுள்ள பளிங்கு ஒரு சதுர மீட்டருக்கு 54 கிலோகிராம். 4 சதுர மீட்டர் குளியலறைக்கு 216 கிலோகிராம். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள போர்செலின் என்றால் அதில் பாதிகூட இல்லை. வீவக வீடுகளில் தரைப்பரப்பும் அதன் கீழுள்ள சிமென்ட் அடுக்கும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதி எதற்கு என்று இப்போது புரிகிறதா? கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தின் கணக்கு அது.

4. டைலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

போர்செலின் தண்ணீர் குடிக்காது என்றால் தரையில் கசிவே வராதா? வரும். டைல்களுக்கு இடையே உள்ள கோடுகளில் பூசப்படும் சாந்தைக் ‘கிரௌட்’ என்பார்கள். சாதாரணக் கிரௌட் சிமென்ட்டால் ஆனது. அதில் நுண்துளைகள் உண்டு. நுண்துளை ஈர்ப்பால் நீர் அதற்குள் இழுக்கப்பட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். எப்பாக்சி கிரௌட் நீரை ஏறக்குறைய விடாது. விலையும் கூடுதல், பூசுவதற்கும் திறமை வேண்டும்.

உண்மையில் நீரைத் தடுப்பது டைலும் அன்று, கிரௌட்டும் அன்று. அவற்றுக்கு அடியில் கான்கிரீட்டின்மேல் பூசப்படும் நீர்த்தடுப்புப் படலமே அந்த வேலையைச் செய்கிறது. அது சுவர் ஓரங்களில் சற்று மேலேறியும் இருக்க வேண்டும். டைல் பதித்த பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. அதனால்தான் டைல் பதிப்பதற்கு முன்பு வடிகாலை அடைத்துத் தரையில் நீரைத் தேக்கி, வழக்கமாக 24 மணி நேரம் காத்திருந்து கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். “தண்ணீர் தேக்கிப் பார்ப்பீர்களா?” என்று குத்தகையாளரிடம் கேளுங்கள்.

அடுக்குமாடியில் வாழும் நமக்கு இது அண்டை வீட்டார் விவகாரமும் ஆகும். நம் தரை கீழ்வீட்டாரின் கூரை. வீவக வீடுகளில் கூரைக் கசிவு ஏற்பட்டால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும். புதிய வீவக வீடுகளில் கட்டடம் முடிந்து மூன்று ஆண்டுகள் வரை குளியலறையின் தரை, சுவர் டைல்களை அகற்ற அனுமதியில்லை. டைலை உடைக்கும்போது அதன் கீழுள்ள நீர்த்தடுப்புப் படலமும் உடையும் என்பதை நினைத்துப் பார்த்தால் விதியின் அருமை தெரியும்.

கிரௌட் கோடுகளில் வெள்ளை மாவுபோன்ற படிவைப் பார்த்திருப்பீர்கள். சிமென்ட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் கரைந்து மேலே வருகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பத்துமலைக் குகையின் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளும் அதே பொருள்தான். படிவு திரும்பத் திரும்ப வந்தால், டைலுக்கு அடியில் நீர் நடமாட்டம் இருக்கிறது என்று பொருள்.

5. குழாய் எந்த உலோகம்?

கடையில் எல்லாக் குழாய்களும் வெள்ளிபோல மின்னும். மேலே தெரிவது பெரும்பாலும் மிக மெல்லிய குரோமியப் பூச்சு. பூச்சுக்கு அடியில் பித்தளை இருக்கலாம், துத்தநாகக் கலவை இருக்கலாம், பிளாஸ்டிக்கூட இருக்கலாம்.

கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம். துத்தநாகக் கலவை ஏறத்தாழ 6.6. குழாய்களுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் ஒன்றை ஒட்டியது. ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களில் ஒன்று வியக்கத்தக்க அளவு லேசாக இருந்தால் அது திட்டமான பித்தளையாக இருக்க வாய்ப்பில்லை. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே உள்ள உலோகம்தான் ஈரத்தைச் சந்திக்க வேண்டும். துத்தநாகக் கலவை பித்தளையைவிட வேகமாக அரிக்கப்படும்.

எவர்சில்வர் குழாய் வேறு வகை. அதில் பூச்சே தேவையில்லை. இரும்போடு கலந்துள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஆக்சைடுப் படலத்தை உருவாக்குகிறது. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் படலம் தானாகவே மீண்டும் வளரும். அதன் பகை, குளோரைடு. வெளுப்புத் திரவத்தைக் குழாயில் ஊற்றி அப்படியே விட்டுவிட்டால் எவர்சில்வரிலும் சிறு குழிகள் விழும்.

குழாயின் பெட்டியில் நீலநிற முத்திரையில் ‘சரி’ குறிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர்ச் சிக்கன முத்திரை அது; 2009 முதல் குழாய்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. குறிகள் கூடக் கூட நீர் செலவு குறையும். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் 8 நிமிடம் குளித்தால் 72 லிட்டர். 5 லிட்டர் ஷவர் என்றால் 40 லிட்டர். ஒருவருக்கு ஒரு குளியலில் 32 லிட்டர் மிச்சம். நால்வர் உள்ள குடும்பத்தில் எல்லாரும் இப்படி நாளுக்கு ஒரு முறை குளித்தால், மாதத்தில் 3,800 லிட்டருக்கு மேல்.

6. பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

எவ்வளவு நல்ல டைலாக இருந்தாலும் ஒரு நாள் கால் தவறலாம். அப்போது கை எதையாவது தேடும். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்தால் அது சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆளைத் தாங்கும்படி செய்த கைப்பிடிக் கம்பியே வேண்டும்.

சுவரை துளையிடாமல் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு கைப்பிடிகளும் விற்கின்றன. அவற்றை நம்பலாமா? கணக்குப் போடுவோம். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரப்பர்க் கிண்ணத்தின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். காற்றழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 10 நியூட்டன் விசையால் அழுத்துகிறது. உள்ளே முழு வெற்றிடம் இருந்தால்கூட அதிகபட்சம் 500 நியூட்டன், அதாவது 50 கிலோகிராம் எடை அளவே தாங்கும். உண்மையில் முழு வெற்றிடம் கிடைப்பதில்லை. கிரௌட் கோட்டின்மேல் விளிம்பு பட்டாலோ, ரப்பர் பழசானாலோ காற்று உள்ளே கசியும். விழும் ஒருவரை நிறுத்தத் தேவையான விசையோ அவரது எடையைவிட அதிகம். ஆகவே திருகாணியால் சுவரில் பொருத்திய கம்பியே பாதுகாப்பு.

65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வாழும் வீவக வீடுகளுக்கு ‘ஈஸ்’ என்ற திட்டம் உண்டு. கைப்பிடிக் கம்பிகள் பொருத்தவும், ஏற்கெனவே உள்ள தரை டைல்களுக்கு வழுக்கலைக் குறைக்கும் மேற்பூச்சு முறை செய்யவும் அதில் அரசாங்க உதவித்தொகை கிடைக்கும். டைலையே மாற்றாமல் பிடிப்பைக் கூட்ட இது ஒரு வழி. உங்கள் தாத்தா பாட்டிக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நிற வேறுபாட்டையும் கவனியுங்கள். வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளித்து, உள்ளே வரும் ஒளி குறையும். வெள்ளைத் தரை, வெள்ளைத் தடுப்புத் திட்டு, வெள்ளைச் சுவர் எல்லாம் ஒன்றாகக் கலந்து, படி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும். திட்டின் விளிம்புக்கு மட்டும் அடர்நிற டைல் வைத்தால் போதும்.

எச்சரிக்கை

குளியலறை கழுவும்போது வெளுப்புத் திரவத்தையும் அமிலக் கழுவியையும் ஒருபோதும் கலக்காதீர்கள். வெளுப்புத் திரவத்தில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டு அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும். சிறிய, கதவு மூடிய அறையில் அது மிகவும் ஆபத்தானது. ஒன்றைப் பயன்படுத்தி நன்றாக நீர் ஊற்றிக் கழுவிய பிறகும் அன்றே மற்றதை எடுக்காமல் இருப்பது நல்லது. மூக்கு எரிந்தால் உடனே வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

தேவையானவை: கடையில் கேட்டு வாங்கிய இரண்டு மாதிரி டைல்கள் (ஒன்று பளபளப்பானது, ஒன்று சொரசொரப்பானது), ஓர் அழிப்பான், சில நாணயங்கள், அளவுகோல், சிறிது சோப்பு நீர்.

அழிப்பானின்மேல் நாணயங்களை ஒட்டுநாடாவால் கட்டுங்கள். டைலை மேசையில் வைத்து, அதன் ஒரு முனையில் அழிப்பானை வையுங்கள். அந்த முனையை மெதுவாக உயர்த்துங்கள். அழிப்பான் நழுவும் நொடியில் நிறுத்தி, உயர்ந்த முனைக்கும் மேசைக்கும் இடையே உள்ள செங்குத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு, அந்த முனைக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து டைலின் கீழ்முனை வரை உள்ள கிடைத் தூரத்தை அளவுங்கள். உயரத்தைக் கிடைத் தூரத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். உலர்ந்த நிலை, நீர் தெளித்த நிலை, சோப்பு நீர் தெளித்த நிலை மூன்றிலும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். சொந்தக் காலால் மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

பளபளப்பான டைலில் உலர்ந்த நிலைக்கும் சோப்பு நிலைக்கும் இடையே எண் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கடைக்குப் போங்கள். விற்பனையாளர் டைலை விளக்கின் கீழ்ச் சாய்த்துக் காட்டும்போது, “இது வெறுங்கால் சோதனையில் ஏ வகையா, பி வகையா?” என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் விவர அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.